குழுக்கடன் கணக்கு இப்போது யார் கையில்?

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். மந்தையில் இருக்கும் நாடக மேடை நிழலில் 18 பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் டேப்போடு, குழுக்கடன் வசூலுக்கு வந்த தம்பி. பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். அவர் திரையைத் தொட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் முடிந்துவிட்டார்கள். அப்போதுதான் ஒரு அக்கா இடுப்பில் செருகியிருந்த நோட்டை வெளியே எடுத்தார். மகன் பள்ளிக்கூடத்தில் எழுதி மிச்சம் வைத்த நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடாகப் போட்டு வைத்திருந்தார்.

“தம்பி, இதோட முப்பத்தோரு வாரம் கட்டிட்டேன். நீங்க முப்பதுன்னு சொல்றீக.”

“சிஸ்டத்துல முப்பதுதான்க்கா காட்டுது. சிஸ்டம் தப்பாக் காட்டாதுக்கா.”

அதற்குமேல் அந்த அக்கா எதுவும் பேசவில்லை. கோடுகளை விரல் வைத்து இன்னொரு தடவை எண்ணிவிட்டு, நோட்டை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. நோட்டுக்கும் சிஸ்டத்துக்கும் வழக்கு என்றால் எது ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏழைக் குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் சின்னச் சின்னக் கடன் கொடுக்கும் குறுங்கடன் நிறுவனங்களுக்குள் நிதித் தொழில்நுட்பம் நுழைந்ததால் நிறைய நல்லது நடந்திருக்கிறது. கடன் சீக்கிரம் கிடைக்கிறது. இடையில் இருந்து கமிஷன் பிடித்தவர்கள் குறைந்திருக்கிறார்கள். போலிப் பெயரில் கடன் எடுப்பது கடினமாகியிருக்கிறது. இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று இடம் மாறிவிட்டது. கடன் வாங்கியவரின் வீட்டில் இருந்த கணக்கு, கடன் கொடுத்தவரின் சர்வருக்குப் போய்விட்டது. அது எப்படி நடந்தது, அதனால் நம் ஊர்ப் பெண்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் புரியவைக்கவே இதை எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் மதுரைக்குப் பழைய உறவு உண்டு. 1992-இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதே 1990-களில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் அழகர்கோவில் பக்கத்துக் கிராமங்களில் வேர் பிடித்துப் பரவின. பில்லுசேரி சின்னப்பிள்ளையை நாடே அறிந்தது அந்த இயக்கத்தால்தான். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலியான அவர் காலைத் தொட்டு அன்றைய பிரதமர் வாஜ்பாய் வணங்கிய படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தக் குழுக்களின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். யாருடைய சேமிப்பு எவ்வளவு, யாருக்குக் கடன் எவ்வளவு, யார் இந்த மாதம் கட்டவில்லை என்று எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் காதால் கேட்டுக் கணக்கை வைத்திருப்பார்கள். தப்பாக வாசித்தால் “ஏத்தா, போன மாசம் நான் இருநூறு கட்டுனேன்ல?” என்று அங்கேயே குரல் வரும். நோட்டு ஒன்றுதான், ஆனால் அதைப் பார்க்க இருபது பேர் இருந்தார்கள். முறை மெதுவானதுதான், கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண்ணையே எல்லோரும் நம்பியிருக்க வேண்டிய குறையும் அதில் உண்டு. இருந்தாலும் கணக்கு ஊரில் இருந்தது.

மதுரையில் பிறந்த ஒரு வங்கிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. கருமுத்து தியாகராஜ செட்டியார் 1943-இல் தொடங்கிய பேங்க் ஆப் மதுரா, மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுப்பதில் ஆர்வம் காட்டிய வங்கி. 2001-இல் அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. அதன் தலைவராக இருந்த கே.எம். தியாகராஜன் தொடங்கிய குறுங்கடன் நிறுவனம் ‘மதுரா’ என்ற பெயரைத் தாங்கி நின்றது. 2020-இல் அதைப் பெங்களூரைச் சேர்ந்த கிரெடிட்அக்சஸ் கிராமீன் வாங்கியது. ஊர்ப் பெயரில் தொடங்கிய கடன், பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

சுய உதவிக் குழு முதலில் சேமிக்கும், பிறகு கடன் வாங்கும். நாடக மேடையில் உட்கார்ந்திருந்தது அந்த வகைக் குழு அல்ல. அங்கே சேமிப்பு கிடையாது. ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடன் கிடைக்கும். வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976-இல் தொடங்கி வைத்த முறையின் வழித்தோன்றல் இது. மதுரையில் ‘குழு லோன்’ என்று இன்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. மகளிர் திட்டக் குழுவுக்கு ஒரு சலுகை அறிவித்தால், இந்தக் கடனும் தள்ளுபடி என்று நம்பித் தவணையை நிறுத்திவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

2010-இல் ஆந்திராவில் இந்தத் தொழில் சரிந்தது. ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடனைக் கொட்டியதும், வசூல் கெடுபிடியும், தற்கொலைச் செய்திகளும் சேர்ந்து அந்த மாநில அரசை அவசரச் சட்டம் போட வைத்தன. அடுத்த ஆண்டு, இதை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழுவின் அறிக்கை வந்தது. 2011 டிசம்பரில் ரிசர்வ் வங்கி குறுங்கடன் நிறுவனங்களுக்கென்று தனி வகையையும் தனி விதிகளையும் கொண்டுவந்தது. யாருக்கு ஏற்கெனவே எத்தனை கடன் இருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. பார்ப்பதென்றால் தகவல் வேண்டும், தகவலுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். தொழில்நுட்பம் இந்தத் தொழிலுக்குள் வந்த முதல் வாசல் இதுதான். பிறகு 2014-இல் ஜன்தன் கணக்குகள், ஆதார், 2016-இல் யுபிஐ, அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பிழப்பு என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நோட்டை ஓரம் தள்ளின.

இப்போது அந்த டேப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

ஒரு பெண் கடன் கேட்டதும் அவருடைய ஆதாரும் வாக்காளர் அட்டையும் படமெடுக்கப்படுகின்றன. சில நொடிகளில் கடன் தகவல் நிறுவனம் ஒன்றிடம் கேள்வி போகிறது. சிபில், ஈக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நாட்டில் உண்டு. நம் பக்கம் நான்குக்கும் பெயர் ‘சிபில்’தான். எத்தனை இடத்தில் கடன், எவ்வளவு பாக்கி, எந்தத் தவணை தவறியது என்று பதில் வருகிறது. அடுத்து வீட்டுக்கு வந்து வாசலில் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். படத்தோடு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகும். அதிகாரி டீக்கடையில் உட்கார்ந்து ‘வீட்டைப் பார்த்தேன்’ என்று எழுத முடியாது. வங்கிக் கணக்கு அவருடையதுதானா என்று பார்க்க முதலில் 1 ரூபாய் அனுப்புவார்கள். வங்கி திருப்பிச் சொல்லும் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தினால் கடன் தொகை போகும். ‘என் கணக்குல ஒரு ரூபா வந்திருக்கு, ஏமாத்து வேலையா இருக்குமோ’ என்று பயந்து கேட்டவர்களுக்கு நானே இதை விளக்கியிருக்கிறேன்.

கைரேகை வைக்கிற கட்டம் மட்டும் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். கல் உடைத்த கை, செங்கல் சூளையில் வேலை பார்த்த கை, நாற்று நட்ட கை. ரேகை தேய்ந்து போயிருக்கும். கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். சேலை முந்தானையில் விரலைத் துடைத்து, தண்ணீர் தொட்டு, அடுத்த விரலை வைத்து, இப்படியே ஏழெட்டுத் தடவை. இப்போது முகத்தைப் பார்த்து ஆதாரைச் சரிபார்க்கும் வசதி பரவிவிட்டதால் இந்த அவஸ்தை குறைந்து வருகிறது. குறையட்டும். உழைத்துத் தேய்ந்த விரலுக்கு ‘பொருந்தவில்லை’ என்று பதில் வருவதை எந்தப் பெண்ணும் கேட்கக் கூடாது.

இதெல்லாம் முடிந்தால் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். முன்பு வாரம் பத்து நாள் இழுத்த வேலை இப்போது ஒன்றிரண்டு நாளில் முடிகிறது. அறுவடைக்கு முன்னால் ஆள் கூலிக்கும், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் பீஸுக்கும் அலைகிறவர்களுக்கு இந்த வேகம் சாதாரணமானதல்ல. இந்தக் கதவு இல்லையென்றால் அவர்கள் தட்டுகிற கதவு எது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் 900 ரூபாயைக் கையில் வாங்கி மாலையில் 1,000 ஆகத் திருப்புகிற ஒருநாள் வட்டியும், நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் என்கிற பத்து வட்டியும் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இல் வந்த பிறகும் சந்தைகளைவிட்டு ஒழியவில்லை. அதோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பது பெரிய ஆறுதல்.

ஆனால் அந்த 24 சதவீதம் எந்த 24 என்று கேட்க வேண்டும். 40,000 ரூபாயை 24 மாதத்தில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 2,115 ரூபாய். மொத்த வட்டி 10,756 சொச்சம். அதே 24 சதவீதத்தை முழுத் தொகைக்கும் கடைசிவரை போட்டால், அதாவது பிளாட் வட்டி என்றால், தவணை 2,467 ரூபாய்; மொத்த வட்டி 19,200. உண்மையில் அது ஏறத்தாழ 41 சதவீத வட்டி. சதவீதம் ஒன்று, தொகை வேறு. அதனால்தான் எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டியையும், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அந்தத் தாள் இப்போது பல இடங்களில் பிடிஎப் கோப்பாகப் போனுக்கு வருகிறது. யாருடைய போனுக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பணம் கொடுப்பது முழுக்க டிஜிட்டல் ஆகிவிட்டது. திரும்ப வாங்குவது ஏன் இன்னும் ரொக்கமாகவே இருக்கிறது? க்யூஆர் கோடு அட்டையை வைத்துக்கொண்டே ரொக்கத்தை எண்ணி வாங்குகிறார்கள். பெண்களுக்கு ஜிபே தெரியாது என்று நகரத்தில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது காரணமே அல்ல. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி வாங்கி முழம் போட்டு விற்கும் பெண்ணுக்கு முன்னால் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பிறகு ஏன்?

முதல் காரணம் வருமானத்தின் கைப்பழக்கம். நாற்று நட்ட கூலி, கொத்தனார் வேலைக்குப் போன வீட்டுக்காரரின் கூலி, பால் பணம், எல்லாம் ரொக்கமாக வருகிறது. ரொக்கத்தை வங்கியில் போட்டு, பிறகு போனில் அனுப்புவது என்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போய்வர அரை நாள் கூலி போய்விடும்.

இரண்டாவது காரணம் எளிதில் வெளியே சொல்லப்படாதது. வங்கிக் கணக்கில் பணம் இருந்தால் அதை யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். கடன் வாங்கும்போதே கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள ஒப்புதல் வாங்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. டிவி வாங்கிய தவணை, பைக் தவணை, குழுக்கடன் என்று மூன்று ஒப்புதல் ஒரே கணக்கில் இருந்தால், எது முதலில் கை நீட்டுகிறதோ அதற்குப் பணம் போகும். காசு இல்லாத நேரத்தில் கை நீட்டினால் திரும்பிப் போனதற்கு வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். அதனால் பணம் வந்த அன்றே மொத்தத்தையும் எடுத்துவிடுகிறார்கள். ‘எந்தக் கடனை முதல்ல கட்டணும்னு நான் தீர்மானிக்கணும், மெஷின் தீர்மானிக்கக் கூடாது’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நியாயமான பேச்சு. மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் எந்தத் தவணையைத் தள்ளிப் போடலாம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, கூட்டம். நாடக மேடை நிழலில் உட்கார்ந்து பணம் கட்டுவது வெறும் வசூல் அல்ல. யாருக்கு இந்த வாரம் முடியவில்லை என்று தெரிவதும், பக்கத்து வீட்டு மதினி இருநூறு ரூபாய் கைமாற்றாகக் கொடுத்துச் சமாளிப்பதும் அங்கேதான் நடக்கிறது. அதே கூட்டத்தில்தான் கட்ட முடியாதவரை எல்லோர் முன்னாலும் உட்கார வைக்கும் கொடுமையும் நடக்கிறது. இரண்டும் உண்மை. வீட்டிலிருந்தே போனில் கட்டிவிடலாம் என்றால் அவமானம் போகும், கைமாற்றும் போகும். நிறுவனங்களுக்கும் இதில் தயக்கம் உண்டு: கூட்டம் கலைந்தால் குழுப் பொறுப்பு கலையும் என்ற கணக்கு.

கடன் தகவல் அறிக்கைக்கு வருவோம். எல்லாம் தெரிந்த கண் என்று அதை நிறுவனங்கள் நம்புகின்றன. அது பார்ப்பது பாதிதான். கந்துவட்டிக்காரரின் பாக்கி அதில் இருக்காது. ஏலச்சீட்டு எடுத்துவிட்டு மாதாமாதம் கட்டுவது இருக்காது. கைமாற்று இருக்காது. உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களின் மிகப்பெரிய கடன் எது என்று கேட்டால், மொய் என்பார்கள். காதணி விழாவுக்கு வந்த மொய்யை, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூடுதலாகச் சேர்த்துத் திருப்ப வேண்டும். முகூர்த்த மாதம் வந்தால் ஒரு வீட்டின் வரவெல்லாம் மொய்யாகவே போகும். ஆவணியில் தவணை தவறுகிற பெண்ணைச் சிஸ்டம் ‘நாணயமில்லாதவர்’ என்று எழுதும். ஊரில் அவர் நாணயத்தைக் காப்பாற்றத்தான் மொய் வைத்துவிட்டு வந்திருப்பார்.

பார்க்கிற பாதியையும் அது தாமதமாகப் பார்த்தது. கடன் கொடுத்த விவரத்தை முன்பு மாதம் ஒருமுறை கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பினால் விதிக்குப் போதும். 2025 ஜனவரி முதல் 15 நாளைக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. கடன் கொடுக்கும் வேகம் இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் மூன்று நிறுவனங்கள் ஒரே பெண்ணைச் சரிபார்த்து, மூன்றுமே ‘கடன் குறைவு’ என்று பார்த்து, மூன்றுமே கொடுத்துவிடலாம். யாரும் விதியை மீறவில்லை, ஆனால் அந்த வீட்டின் கழுத்தில் மூன்று கயிறு. கொடுப்பதில் வந்த வேகம் பார்ப்பதில் வராததால் விளைந்த சிக்கல் இது.

அதன் விளைவு 2024-இல் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் நாடு முழுவதும் குறுங்கடன் பாக்கி 4 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நின்றது. பீகாரோடு தமிழ்நாடும் அதில் முன்வரிசை. அடுத்து தவணைகள் தவறத் தொடங்கின. ஒருவருக்கு இத்தனை நிறுவனங்களுக்கு மேல் கூடாது, மொத்தப் பாக்கி 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று நிறுவனங்களின் சங்கமே வரம்பு போட்டது. முதலில் நான்கு, 2025 ஏப்ரலிலிருந்து மூன்று நிறுவனங்கள் மட்டும். அளவுக்கு மீறி வட்டி வாங்கிய விவகாரத்தில் 2024 அக்டோபரில் நான்கு கடன் நிறுவனங்களைப் புதுக்கடன் கொடுக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. இந்த வரம்புகள் தேவைதான். ஆனால் திடீரென்று கதவு சாத்தப்பட்டபோது, ஒரு கடனை வாங்கி இன்னொன்றை அடைத்து ஓட்டிக்கொண்டிருந்த வீடுகள் நடுவழியில் நின்றன. அவர்களில் எத்தனையோ பேர் தோட்டையும் மூக்குத்தியையும் அடகுக் கடையில் வைத்தார்கள்.

டேப்பால் நிறுவனத்துக்கு என்ன மிச்சம்? ஒரு கள அதிகாரி 400, 500 பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தொழில் இது. சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும் நடை ஒன்றுதான். தாளும் தட்டச்சும் நாலு தடவை வண்டி ஓட்டமும் குறைந்தால் செலவு குறையும் என்பதே தொழில்நுட்பத்துக்காகச் சொல்லப்பட்ட வாதம். செலவு குறைந்தது. 2022 ஏப்ரலில் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டு, வட்டியை நிறுவனங்களே நியாயமாக வைத்துக்கொள்ளட்டும் என்றது. மிச்சமானதில் பெரும்பங்கு கடன் வாங்கியவர் பக்கம் வரவில்லை. பொதுவாக வட்டி இருபதுகளிலேயே நிற்கிறது. வராக்கடன் அதிகம், நிறுவனங்கள் வாங்குகிற பணத்துக்கே வட்டி அதிகம் என்ற அவர்களின் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனாலும் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்கிற உரிமை, அந்த மிச்சத்துக்காகத் தன் ஆதாரையும் வாசற்படியையும் முகத்தையும் கொடுத்தவர்களுக்கு உண்டு.

இனி யாருடைய போன் என்ற விஷயம். கடன் பெண்ணின் பெயரில். கைபேசி எண் என்று கேட்டால், வீட்டில் இருக்கிற ஸ்மார்ட்போன் எண்ணைக் கொடுக்கிறார்கள். அது மகனுடையதாகவோ வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தால், மேலூரில் அம்மா கட்டிய தவணைக்கு ரசீது திருப்பூரில் ஒலிக்கும். அதுவும் ஆங்கிலத்தில். ஓடிபி அங்கே போய், போனில் கேட்டு, இங்கே சொல்லி, அதுதான் ‘ஒப்புதல்’. காப்பீட்டுக்குப் பிடித்த தொகை எவ்வளவு, அதற்குச் சம்மதித்தீர்களா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. காப்பீட்டை வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. சம்மதம் ஆறு இலக்க எண்ணாகி வேறு ஊரில் வந்து விழுந்தால் அதை எப்படிச் சம்மதம் என்பது?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதக் கம்ப்யூட்டர் வந்து பல வருடம் ஆகிறது. மண்டப வாசலில் மேசை போட்டு, பெயர், ஊர், தொகை மூன்றையும் தமிழில் தட்டி, அந்த இடத்திலேயே ரசீதைக் கையில் கொடுக்கிறார்கள். விசேஷம் முடிந்ததும் முழுக் கணக்கும் ஊர்வாரியாக வீட்டுக்காரர் கைக்கு வந்துவிடும். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் அப்பா பெயர், பட்டப் பெயர், தெரு என்று போட்டுப் பிரித்துவிடுவார்கள். பணம் கொடுத்தவர் கையில் தாள், வாங்கியவர் கையில் புத்தகம். கல்யாண மண்டபத்தில் கைவந்த தொழில்நுட்பம், கடன் வசூலில் ஏன் கைவரவில்லை? புளூடூத்தில் இயங்கும் சின்ன பிரிண்டரை டேப்போடு கொடுத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. எல்லோரும் கொடுக்கலாம்.

அந்த 31-வது கோட்டுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. மூன்று நாள் கழித்துக் கிளை அலுவலகத்தில் தேடிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு வாரம் வசூலுக்கு வேறொரு ஆள் வந்திருக்கிறார். அன்று சிக்னல் இல்லை. டேப் தன்னிடமே பதிந்துகொண்டு, ரோட்டுக்கு வந்ததும் மொத்தமாக அனுப்பியிருக்கிறது. அதே குழுவில் அதே பெயரில் இன்னொரு பெண். பட்டியலில் அடுத்தடுத்த வரி. இந்த அக்கா கட்டிய பணம் அந்த அக்கா கணக்கில் ஏறியிருந்தது. மீனாட்சிகளும் பாண்டியம்மாள்களும் நிறைந்த ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். திருத்திக் கொடுத்துவிட்டார்கள், அந்தத் தம்பியும் மனம் வருந்தினார். அவர்மேல் தப்பில்லை, சிஸ்டம் தப்பாகக் காட்டாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நோட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், ஒரு தவணை தவறியவர் என்று அந்த அக்காவின் பெயர் சிபிலில் ஏறியிருக்கும், ஏன் அடுத்த கடன் கிடைக்கவில்லை என்று அவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

விதி அவர் பக்கம்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன் குறுங்கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நகைக்கடனும் இதில் சேர்த்தி. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. தாமதக் கட்டணம் தவறிய தொகைக்கு மட்டும்தான், மொத்தக் கடனுக்கு அல்ல. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. பேசிவைத்த பொது இடத்துக்குக் கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராதபோதுதான் வசூலுக்கு வீட்டுக்கு வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் வாங்கியவருக்குப் புரிகிற மொழியில் ஒரு கடன் அட்டை கொடுத்து, கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் கடைசியாகக் கடன் முடிந்ததற்கும் அதில் ஒப்புகை தர வேண்டும். கர்நாடகத்தைத் தொடர்ந்து, வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடும் சட்டம் இயற்றியது. மூன்று ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு.

ஆப் கடனுக்குத் தனி விதிகள் வந்திருக்கின்றன. போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் ஆப் தொடக் கூடாது. கடன் தொகை வாங்குபவரின் கணக்குக்கே நேராக வர வேண்டும். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிற ஆப் எதுவானாலும் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அட்டை கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள். தவணை ஏறவில்லை என்றால் கிளையில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிள்ளைகளிடம் சொல்லி எடுத்துப் பாருங்கள். அடைத்து முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அடுத்த தடவை கடன் வாங்கும்போது எண் கேட்டால், சாதாரணப் பட்டன் போனாக இருந்தாலும் உங்கள் இடுப்பில் இருக்கும் போன் எண்ணையே கொடுங்கள். குறுஞ்செய்தி அதிலும் வரும்.

அந்த மந்தைக்குப் போன மாதம் மறுபடி போனேன். அந்த அக்கா இப்போது வெறும் கோடு போடுவதில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் தேதி, அதற்குப் பக்கத்தில் வசூலுக்கு வந்த தம்பியின் கையெழுத்து. பின்வரிசையில் இன்னும் ஏழு பேர் மடியில் நோட்டு இருந்தது.